வாப்பாவின் பெயரில் ஒரு துவக்கு

அத்தியாயம் 17

நான்கு நாட்களாக ஸப்ரான் தன் மேசையின் வலது பக்கத்தில் எதையும் வைக்கவில்லை. பேனா, தொலைபேசி, தேநீர்க் கோப்பை எல்லாம் இடது பக்கம் போய்விட்டன.

கடந்த சனிக்கிழமை அந்த வலது பக்கத்தில்தான் அவன் கைத்துப்பாக்கியை எடுத்து வைத்தான். எதிரே நின்றவன் கஜேந்திரன். பதுளையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். ஸப்ரானின் பெற்றோல் ஷெட்டில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்யும் அழகரின் மருமகன். மூன்றாம் நம்பர் பம்ப் அளவு குறைவாக அடிக்கிறது என்று வரிசையில் நின்றவர்கள் முன்னால் அவன் சொன்னான். ஸப்ரான் அவனை அலுவலக அறைக்குள் கூப்பிட்டான், கதவைச் சாத்தினான், இடுப்பிலிருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு சொல்லும் பேசவில்லை.

கஜேந்திரன் அதைப் பார்த்தான். பிறகு ஸப்ரானைப் பார்த்தான். போய்விட்டான். கண்ணாடிக்கு அப்பால், யாருடைய மோட்டார் சைக்கிளுக்கோ பெற்றோல் அடித்தபடி அழகர் நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். அரை நிமிடம் இருக்கும்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு பொலிஸிலிருந்து தொலைபேசி வந்தது. கஜேந்திரன் திங்களன்று முறைப்பாடு எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். இன்று பிற்பகல் மூன்று மணிக்கு வர வேண்டும். ஆயுதமும் அதன் அனுமதிப்பத்திரமும் வர வேண்டும்.

ஸப்ரான் "சரி சேர்" என்று மூன்று தடவை சொன்னான். தொலைபேசியை வைத்த பிறகு நான்காவது தடவையும் சொன்னான்.

அழகர் நேற்றிலிருந்து வேலைக்கு வரவில்லை. அதனால் காலையில் பம்ப் அளவு பார்க்கும் வேலை ஸப்ரானிடம் வந்தது. அவன் அதைச் செய்து மூன்று வருடமாவது இருக்கும்.

அளவு பார்ப்பது எளிய வேலை. அதற்கென்று முத்திரை குத்திய ஓர் உலோகக் குவளை இருக்கிறது. அடிப்பக்கம் பருத்து, கழுத்து ஒடுங்கியிருக்கும். கழுத்தில் ஒரு சின்னக் கண்ணாடி, கண்ணாடியில் ஒரு கோடு. பம்பில் சரியாக ஐந்து லீற்றர் என்று காட்டும்வரை குவளைக்குள் அடித்தால், எண்ணெய் அந்தக் கோட்டில் வந்து நிற்க வேண்டும். கழுத்தை ஒடுக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. வாளி போல அகன்ற பாத்திரத்தில் இரண்டு கரண்டி குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஒடுங்கிய கழுத்தில் அதே இரண்டு கரண்டி ஒரு விரல் உயரம்.

முதலாம் நம்பர் கோட்டில் நின்றது. இரண்டாம் நம்பரும் நின்றது. நான்காவது ஒரு மயிரிழை மேலே நின்றது.

மூன்றாம் நம்பர், கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

அவன் குவளையைக் கவிழ்த்து, வடியவிட்டு, இன்னொரு தடவை அடித்தான். அதே ஒரு விரல்.

அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் அழகர் வாசலில் வந்து நின்று, மூணாம் நம்பர் கொஞ்சம் கம்மியா காட்டுது, சீல் உடைச்சு சரி பண்ற ஆள கூப்பிடணும் என்று சொன்னார். பார்க்கலாம் என்று ஸப்ரான் சொன்னான். அப்போது தொலைபேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். என்ன பார்த்தான் என்பதுகூட இப்போது நினைவில்லை.

கஜேந்திரனுக்கு மாமனார் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஒரே பாதையில் தினமும் ஓடுகிறவனுக்கு, எத்தனை லீற்றருக்கு எந்த வளைவுவரை வண்டி போகும் என்று தெரியும்.

ஸப்ரான் வண்டிகள் வராதபடி மூன்றாம் நம்பர் பம்புக்கு முன்னால் ஒரு வெற்றுப் பீப்பாயை உருட்டி வைத்தான். சனிக்கிழமை செய்ய வேண்டிய வேலை அது.

•

அனுமதிப்பத்திரத்தைத் தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. ஷெட்டின் பத்திரங்கள் எல்லாம் ஒரே நீலக் கோப்பில் இருந்தன. எரிபொருள் விற்க ஒன்று, நிலத்தடித் தாங்கிகளில் சேமித்து வைக்க ஒன்று, மாநகர சபையின் வியாபார அனுமதி, சுற்றாடல் அனுமதி, பம்ப் அளவுச் சான்றிதழ், தீயணைப்புச் சான்றிதழ். ஏழாவதாகத் துப்பாக்கிக்கு ஒன்று.

வருடக் கடைசியில் கணக்காளர் அந்தக் கோப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போவார். ஏழு பத்திரங்களையும் புதுப்பித்துக்கொண்டு வருவார். ஸப்ரான் கோப்பின் கனத்தைப் பார்த்திருக்கிறானே தவிர, உள்ளே ஒவ்வொன்றாகப் படித்ததில்லை.

இப்போது படித்தான். முதல் ஆறு பத்திரங்களிலும் நிலையத்தின் பெயர் இருந்தது, உரிமையாளர் என்ற இடத்தில் அவனுடைய பெயர் இருந்தது. ஏழாவதில் நிலையத்தின் பெயரே இல்லை. ஆயுதத்தின் இலக்கம் இருந்தது. அதற்குக் கீழே ஒரு மனிதனின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருந்தன. ஸனூஸ் ஹாஜியார். அவனைப் பெற்ற வாப்பா.

அவன் பண்டாரவளைக்குத் தொலைபேசி எடுத்தான். அக்கா பஸ்லியா அங்கே சட்டத்தரணி. நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை நடந்ததை அவளிடம் அவன் இதுவரை சொல்லவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை. பிறகு, துவக்கு ஒன்ட கையில எப்ப வந்திச்சு என்று கேட்டாள்.

"பெற்றோல் வரிசைக் காலத்தில, ராத்தா. சனம் ராவும் பகலும் ரோட்டில நின்ட நேரம். வாப்பாதான் தந்தாங்க. பொறகு பிஸினஸ எழுதித் தந்த நேரம் பட்டியல்ல போட்டும் தந்தாங்க."

"என்ன பட்டியல்?"

அவன் மேசை லாச்சியைத் திறந்து அந்த அப்பியாசக் கொப்பியை எடுத்தான். அவர்கள் குடும்பத்தில் எதையும் வாயால் மட்டும் ஒப்படைப்பதில்லை. பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். கடைச் சாவி கைமாறினாலும் பட்டியல் எழுதி, தருகிறவரும் பெறுகிறவரும் கையெழுத்து வைப்பார்கள். வாப்பாவின் நேரான எழுத்தில் அது இருந்தது: நிலத்தடித் தாங்கி மூன்று, பம்ப் நான்கு, ஜெனரேட்டர் ஒன்று, இரும்புப் பெட்டி ஒன்று, ரிவோல்வர் ஒன்று, அளவுக் குவளை இரண்டு.

வாசித்துக் காட்டியபோது மறுமுனையில் பஸ்லியா பெருமூச்சு விட்டது கேட்டது.

அவள் அதிகம் திட்டவில்லை. விளக்கினாள். மற்ற ஆறும் இடத்துக்கும் தொழிலுக்கும் தருகிற அனுமதி. தொழில் கைமாறினால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். துவக்கு அனுமதி அப்படியில்லை. அது ஓர் ஆளுக்குத் தருவது. அந்த ஆளின் தேவையையும் நடத்தையையும் விசாரித்து, பாதுகாப்பு அமைச்சு அந்த ஒரு ஆளுக்கு மட்டும் தருவது. வாப்பா அதைக் கடையோடு சேர்த்து எழுதித் தர முடியாது. மகனுக்கும் தர முடியாது, மனைவிக்கும் தர முடியாது. தேவை என்றால் நீ உன் பெயரில் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். கிடைத்தும் இருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம்.

"எங்கட சொந்த இடத்துக்குள்ளதானே ராத்தா வெச்சிருந்தன். ரோட்டுக்குக் கொண்டு போகல்ல."

"இடம் ஒன்டதுதான். துவக்கு ஒன்ட இல்ல. ரெண்டு வருஷமா அனுமதி இல்லாம ஆயுதம் வெச்சிருந்திக்கிறாய். வாப்பா தந்தது வாப்பாட பிழை. அதக் காட்டி ஒரு ஆளப் பயம் காட்டினது வேற கேஸ்."

அந்தப் பட்டியலைக் கிழிக்கக் கூடாது என்றாள். சனிக்கிழமையிலிருந்து இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் துவக்கைத் தொடவே கூடாது என்றாள். இரும்புப் பெட்டியிலிருந்து வாப்பாதான் எடுக்க வேண்டும், வாப்பாவின் கையில்தான் பொலிஸுக்குப் போக வேண்டும், தான் வரும்வரை யாரும் வாக்குமூலம் கொடுக்கக் கூடாது, மூன்று மணிக்கு நேரே பொலிஸ் நிலையத்துக்கு வந்துவிடுவேன் என்றாள்.

கடைசியாக ஒன்று கேட்டாள். அந்த ஆள் சொன்ன பம்ப், அளவு சரியாகத்தான் இருக்கிறதா?

ஸப்ரான் கண்ணாடிக்கு வெளியே பீப்பாயைப் பார்த்தான்.

•

வாப்பா வீட்டில் இடியப்பத்தைப் பிட்டு வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். எழுபத்தொரு வயது. சீனி வருத்தம். அவருக்கும் பொலிஸிலிருந்து தொலைபேசி வந்திருந்தது. பத்திரம் அவர் பெயரில் அல்லவா இருக்கிறது.

பஸ்லியா சொன்னதை எல்லாம் ஸப்ரான் சொன்னான். அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பட்டியல் விஷயம் வந்தபோது மட்டும் இடியப்பத்தட்டை மெல்லத் தள்ளிவைத்தார்.

"என்ட கையாலதானே எழுதினன்," என்றார்.

பிறகு அவர் தன் யோசனையைச் சொன்னார். சனிக்கிழமை அவரும் ஷெட்டுக்கு வந்திருந்தார் என்று சொல்லிவிடலாம். அவர்தான் துப்பாக்கியைத் துடைப்பதற்கு மேசையில் வைத்திருந்தார், அந்த நேரம் பார்த்துக் கஜேந்திரன் உள்ளே வந்துவிட்டான், பார்த்துப் பயந்துவிட்டான். அனுமதி உள்ளவன் தன் துவக்கைத் தன் மகனுடைய மேசையில் வைத்தால் என்ன குற்றம்? எழுபத்தொரு வயது ஆளை யாரும் உள்ளே போட மாட்டார்கள்.

"ராத்தா இதுக்கு வர மாட்டாங்க வாப்பா. பொய் சொல்ற இடத்தில அவங்க நிக்க ஏலாது."

"அதுக்குத்தான் அவளுக்குச் சொல்ல வாணாம்."

அழகர் பார்த்தாரே என்றான் ஸப்ரான். அதற்கும் வாப்பாவிடம் பதில் இருந்தது. போய் அழகரைப் பார், சுகமா என்று கேள், ரெண்டு நாளாக வரவில்லையே என்று கேள். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். உன்னைப் பார்த்தால் அந்த மனுஷனே புரிந்துகொள்வான்.

ஸப்ரான் மறுத்திருக்கலாம். வாசலில் செருப்பு மாட்டும்வரை மறுக்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வண்டி பசறை வீதியில் ஏறி, கீழே நகரம் வளைந்து மறைந்தபோது, தான் மறுக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. சிறைக்குப் பயமாக இருந்தது. அது ஒன்றுதான் உண்மை.

•

அழகரின் லயத்து வரிசை வீடு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்துக்கு மேலே இருந்தது. முச்சக்கரவண்டி போகும் மண்பாதை உண்டு, அவனுடைய வண்டி அதில் ஏறாது. படிக்கட்டில் நடக்க வேண்டும். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் சாக்குகளோடு தராசுக்கு முன்னால் நின்றார்கள். அவன் யாரென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

இருபத்திரண்டு வருடத்தில் ஸப்ரான் இந்தப் படிகளில் ஏறியதில்லை. அழகருடைய மகளின் கல்யாணத்துக்குக்கூட வாப்பாதான் வந்துவிட்டுப் போனார்.

முன்னால் கஜேந்திரனின் முச்சக்கரவண்டி தார்ப்பாய் போட்டு மூடியபடி நின்றது. வேலைநாளில், பகல் நேரத்தில்.

அழகரின் மகள் விஜயலெட்சுமி வாசலில் நின்றாள். அவனைக் கண்டதும் உள்ளே திரும்பி, "அப்பா, ஒங்க சின்ன மொதலாளி வந்திருக்காரு," என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடும் கொடிப்பக்கம் போய் நின்றுகொண்டாள். அதற்கப்பால் போகவில்லை. கேட்கும் தூரத்தில்தான் நின்றாள்.

அழகர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். நாற்காலியைத் துண்டால் தட்டி அவனுக்குப் போட்டார். தான் படியில் உட்கார்ந்தார். ஸப்ரான் நாற்காலியில் உட்காராமல் நின்றான். பெரியவர் மறுபடி சொன்ன பிறகு உட்கார்ந்தான்.

"சுகமில்லையா அழகரண்ணே? ரெண்டு நாளா வரல்ல," என்றான். வாப்பா சொல்லிக்கொடுத்த சொற்கள்.

அழகர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். நேற்றுக் காலை பொலிஸிலிருந்து வந்து கேட்டார்கள் என்றார். சனிக்கிழமை அறைக்குள்ளே என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டார்.

"நீங்க பயப்படாதீங்க தம்பி. பாத்தத பாக்கலன்னு சொல்லிட்டேன். ஹாஜியார் வீட்டுச் சோத்த சாப்பிட்டிருக்கேன். அதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. வேலைக்கு மட்டும் கொஞ்ச நாள் வர முடியல. அந்தக் கண்ணாடிப் பக்கம் நிக்க முடியல."

அவன் கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. கேட்டிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

கொடிப்பக்கத்திலிருந்து விஜயலெட்சுமியின் குரல் வந்தது. அவள் அவனைப் பார்த்துப் பேசவில்லை. ஈரத் துணியை உதறிக்கொண்டே பேசினாள்.

"எங்கப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. நேத்துதான் கேட்டேன். எம்புருசனத்தான் பொய்யனாக்கிட்டாரு. ஸ்டாண்டுல எல்லாரும் சிரிக்கிறாங்களாம், மாமனாரே இல்லங்கிறாரு, இவரு துவக்கப் பாத்தாராம்னு. வண்டிய மூடிப் போட்டுட்டு உக்காந்திருக்காரு."

"விடு புள்ள," என்றார் அழகர்.

கஜேந்திரன் உள்ளேயிருந்து வந்தான். வெளியே போகிற சட்டை போட்டிருந்தான். அவனுக்கும் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஸப்ரான் எழுந்து நின்றான். இன்று காலை தான் அளவு பார்த்ததைச் சொன்னான். மூன்றாம் நம்பர் ஒரு விரல் குறைவு. நீ சொன்னது சரி.

"அது எனக்குத் தெரியும்," என்றான் கஜேந்திரன்.

பிறகு படியிறங்கி, தார்ப்பாயின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். அவிழ்த்துக்கொண்டே, அவசரமில்லாமல் சொன்னான்.

"துவக்குக்குப் பயந்தேன்னு ஸ்டேஷன்ல எழுதிருக்கேன். அப்படித்தான் எழுதணுமாம். நெசமா பயப்படல. நீங்க ஒரு வார்த்த பேசல பாருங்க, அதுதான். ஒரு நாய வெரட்டக்கூட ஏதாச்சும் சத்தம் குடுப்பாங்க."

கயிறு அவிழ்ந்தது. தார்ப்பாயை மடித்தான்.

"இப்ப எங்கிட்ட சொன்னத அங்க சொல்லுவீங்களா?"

ஸப்ரான் வாயைத் திறந்தான். கொழுந்துத் தராசுப் பக்கம் யாரோ நிறையைச் சத்தமாகச் சொல்வது கேட்டது. கஜேந்திரன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

•

திரும்பும் வழியில் ஷெட்டில் நிறுத்தினான். பூட்டியிருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தான். துப்பாக்கி அதற்குள் இல்லை, நீலக் கோப்பில் ஏழாவது பத்திரமும் இல்லை.

மதிய லுஹர் தொழுகைக்கு முன்னமே ஹாஜியார் வந்து எடுத்துக்கொண்டு போனார் என்று வேலையாட்கள் சொன்னார்கள். தனியாகத்தான் வந்தார். வாடகை வண்டியில் வந்தார்.

வாப்பா ஏன் தன்னை லயத்துக்கு அனுப்பினார் என்பது ஸப்ரானுக்கு அப்போது புரிந்தது. அழகரின் வாயை அடைப்பது பாதி வேலை. மகனை இரண்டு மணி நேரம் நகரத்துக்கு வெளியே வைத்திருப்பது மீதிப் பாதி.

பஸ்லியாவுக்குத் தொலைபேசி எடுத்தான். ஹாலிஎலவுக்குப் பக்கத்தில் வீதித் திருத்த வேலை, ஒரு பக்கம்தான் வாகனம் விடுகிறார்கள் என்றாள். இன்னும் அரை மணி நேரம் ஆகும், நான் வராமல் உள்ளே போகாதே என்றாள்.

பொலிஸ் நிலையத்தில் ஒரே நீள வாங்குதான் இருந்தது. அதன் ஒரு முனையில் வாப்பா உட்கார்ந்திருந்தார், தொப்பியைச் சரியாக வைத்து, கைத்தடியை முழங்காலுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு. மறுமுனையில் கஜேந்திரன். நடுவில் நான்கு பேர் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

வாப்பா அவனைக் கண்டதும் குனியச் சொன்னார்.

"எல்லாம் முடிஞ்சிச்சு மகன். எழுதிக் குடுத்திட்டன். துவக்கையும் பாரம் குடுத்தாச்சு, ரிசீட்டுக்குத்தான் ஈக்கிறன். நீ உள்ளுக்குப் போ. வாப்பா சொன்னது சரி எண்டு மட்டும் சொல்லு."

ஸப்ரான் நிமிர்ந்தான். அந்த நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் ஒரு தாளைக் கொண்டுவந்து கஜேந்திரனிடம் நீட்டினார். முறைப்பாட்டைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்ற தாள். அவர் குரலில் மிரட்டல் எதுவும் இல்லை. நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். துவக்குக்கு அனுமதி உள்ள ஆள் வேறு மாதிரிச் சொல்கிறார், பக்கத்தில் நின்ற சாட்சி பார்க்கவில்லை என்கிறார், அதுவும் உன் மாமனார். பொய் முறைப்பாடு என்று திரும்பினால் உனக்குத்தான் கஷ்டம். கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியைப் பார்.

கஜேந்திரன் பேனாவை வாங்கினான். தாளை முழங்காலில் வைத்தான். தமிழில் எழுதியிருந்த அந்த நான்கு வரியை, விரலை வைத்து, முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.

பஸ்லியா வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நான்கு வரி வாசிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

ஸப்ரான் உள்ளே போனான். கதவு திறந்தே கிடந்தது. பொறுப்பதிகாரி நடுத்தர வயதுக்காரர், ஷெட்டுக்கு வருகிறவர்தான். உட்காரச் சொன்னார். அவன் நின்றபடியே, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நீட்டாமல் சொன்னான்.

"துவக்கு என்னிடம்தான் இருந்தது சேர். மேசையில் வைத்தது நான். அந்தப் பையன் பயப்பட வேண்டும் என்றுதான் வைத்தேன். பம்ப் பற்றி அவன் சொன்னதும் உண்மை, இன்று காலை அளந்து பார்த்தேன்."

அதிகாரி முன்னாலிருந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பி அவன் பக்கம் நகர்த்தினார். வாப்பாவின் நேரான கையெழுத்து. பட்டியலுக்குக் கீழே இருந்த அதே கையெழுத்து.

"ஒரு துவக்கை ஒரே நேரத்தில் ரெண்டு பேர் வைத்திருக்க முடியாது. உங்கள் தகப்பனார் எனக்கு எழுதித் தந்தது பொய்யா?"

கதவுக்கு வெளியே கைத்தடி தரையில் ஒரு தடவை தட்டியது. வாப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இரண்டு வருடமாக அந்த இரும்பை இடுப்பில் சுமந்தபோது அது வாப்பா தந்த மரியாதை என்றுதான் ஸப்ரான் நினைத்திருந்தான். ஷெட்டுக்கு வருகிறவர்கள் சட்டைக்குக் கீழே புடைப்பதைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று சட்டையைக் கொஞ்சம் இறுக்கமாகத் தைத்துக்கொண்டதும் உண்டு.

"ஓம் சேர். பொய்," என்றான்.

வெளியே கஜேந்திரன் பேனாவை வாங்கில் வைக்கும் சத்தம் கேட்டது.

அதிகாரி இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். கான்ஸ்டபிள் உள்ளே வந்து, எழுதத் தயாராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படியென்றால் இந்த அழகர் என்ற ஆள். கண்ணாடிக்கு வெளியே ஆறடி தூரத்தில் நின்றிருக்கிறார். ஒன்றும் பார்க்கவில்லை என்று பொலிஸுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறார். அது பொய்யென்றால் அவர்மீதும் வழக்கு. அவர் பார்த்தாரா, இல்லையா?"

லயத்துப் படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துப் பேசிய மனிதரை ஸப்ரான் இந்த நிமிடம்வரை நினைக்கவில்லை. தன் பங்கு உண்மையைச் சொன்னால் போதும் என்றே உள்ளே வந்திருந்தான். அந்த உண்மை யார் யாரை இழுத்துக்கொண்டு வரும் என்று எண்ணிப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் திரும்பிப் பார்த்தான். கஜேந்திரன் வாசல்வரை எழுந்து வந்திருந்தான். கையெழுத்துப் போடாத தாள் அவன் கையில் இருந்தது. நேற்றிலிருந்து உண்மைக்காக ஊர்ச் சிரிப்பைத் தாங்கியவன், இப்போது ஸப்ரானை நேராகப் பார்த்து, யாருக்கும் தெரியாதபடி, மெதுவாகத் தலையை அசைத்தான்.

வேண்டாம் என்று.

கான்ஸ்டபிளின் பேனா தாளைத் தொட்டபடி காத்திருந்தது.